நீதிபதி திட்டமாட்டார்: ‘ச்சைடு’ என்ற ஆங்கில வினையைத் தமிழில் எழுதுவது எப்படி

நாளிதழ் ஒன்றில் இரவுப் பணிக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். ஏஜென்சியிலிருந்து வந்த ஆங்கிலச் செய்தி ஒன்றை என் பக்கம் தள்ளினார்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தாமதித்த கலெக்டரை நீதிபதி ‘ச்சைடு’ (chide) செய்தார் என்று அதில் இருந்தது. மணி பதினொன்றரை. பக்கம் முடிக்க இருபது நிமிடம். அகராதியை எடுக்கச் சோம்பல்பட்டு, ‘கலெக்டரைத் திட்டிய நீதிபதி’ என்று தலைப்பு வைத்து அனுப்பிவிட்டேன்.

செய்தி ஆசிரியர் ப்ரூஃப் தாளோடு எழுந்து வந்தார். கத்தவில்லை. தாளை என் மேசையில் வைத்து, கண்ணாடியைக் கழற்றி, “ஏம்மா, நீதிபதி குழாயடியிலயா நின்னாரு?” என்றார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் ‘திட்டிய’ என்பதை அடித்தார், ‘கலெக்டருக்கு நீதிபதி குட்டு’ என்று மேலே எழுதினார், டீ குடிக்கப் போய்விட்டார். வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது: ‘ச்சைடு’ என்றால் என்ன என்று அகராதியில் தேடியிருக்கவே வேண்டாம். அவர் என்னிடம் செய்ததுதான் அது.

அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல் ஆங்கிலத்தைத் தமிழாக்கித்தான் சோறு தின்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் அதே பள்ளத்தில் விழுகிறார்கள். ஒருத்தர் ‘சாடினார்’ என்பார், ஒருத்தர் ‘கண்டனம் தெரிவித்தார்’ என்பார், போன மாதம் ஒருத்தர் ‘வறுத்தெடுத்தார்’ என்றே எழுதிவிட்டார். ஆங்கிலத்தில் இருந்ததோ ஒரு லேசான தட்டு. அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சொல் வாயில் சரியாக வரட்டும். ரைடு, ஹைடு, ஸ்லைடு வரிசையில் வரும் சொல் இது. முதல் ஒலி ‘சர்ச்’ என்பதில் வரும் அழுத்தமான ச. வெறுமனே ‘சைடு’ என்று எழுதினால் பக்கவாட்டு என்றாகிவிடும். ‘சைட்’ என்றால் பஸ் ஸ்டாப் சமாசாரம். அதனால்தான் இலக்கணம் மன்னிக்கட்டும் என்று முன்னால் ஒரு ஒற்றைப் போட்டு ‘ச்சைடு’ என்கிறேன்.

இறந்தகாலம் இன்றைக்கு ‘ச்சைடட்’. நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது அதையே எழுதுங்கள். படிக்கும்போது மட்டும் ‘ச்சிட்’, ‘ச்சிடன்’, ‘ச்சோட்’ என்று எதிர்ப்பட்டால் அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் இந்த வினை, விகுதியைச் சேர்த்தால் இறந்தகாலம் ஆகிவிடுகிற சாதுக்களின் கூட்டத்தில்தான் இருந்தது. அப்புறம் ரைடு ‘ரோட்’ ஆவதையும் ஹைடு ‘ஹிட்’ ஆவதையும் பார்த்துச் சேர்க்கை கெட்டு, அதுவும் உயிரெழுத்தை மாற்றிக்கொண்டு கொஞ்ச காலம் திரிந்தது. 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிளில் யாக்கோபு தன் மாமன் லாபானோடு மல்லுக்கு நிற்கும் இடத்தில் ‘ச்சோட்’ என்றே இருக்கிறது. இப்போது அது திருந்தி வீடு திரும்பிவிட்டது.

பூர்விகத்துக்கு வருவோம். 1066-இல் நார்மன்கள் வந்த பிறகு ஆங்கிலத்துக்குள் கொட்டிய பிரெஞ்சுச் சரக்கில் சேர்ந்ததல்ல இது. அதற்கு முன்பே பழைய ஆங்கிலத்தில் இருந்த உள்ளூர்ச் சொல். அன்றைக்கு இதை நீண்ட ஈ போட்டு ‘ச்சீடன்’ என்பதுபோல் சொல்லியிருப்பார்கள். 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தின் நெடில்கள் ஒட்டுமொத்தமாக இடம் மாறியபோது, ‘டீம்’ என்று ஒலித்தது ‘டைம்’ ஆனதுபோல, இதுவும் ஈயிலிருந்து ஐக்கு நகர்ந்தது. ஜெர்மன், டச்சு போன்ற பங்காளி மொழிகளில் இதற்கு உறுதியான உறவுச்சொல் எதுவும் கிடைக்கவில்லை என்று அகராதிகள் கைவிரிக்கின்றன. அத்தை மாமா யாரும் இல்லாத தனிக்கட்டை.

அதன் பழைய பொருள்தான் ஆச்சரியம். சண்டை போடு, வாக்குவாதம் செய், முறையிடு. அதில் மென்மை மருந்துக்கும் இல்லை. இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று கத்துவதுதான் ஆதிப் பொருள். காலப்போக்கில் எதிராளியின் குரல் அடங்கி, ஒருவர் மட்டும் பேச, மற்றவர் கேட்டுக்கொள்கிற காட்சியாகச் சுருங்கியது. பிறகு பேசுகிறவரின் குரலும் தணிந்தது. ஊரைக் கூட்டும் சண்டையிலிருந்து “ஏம்மா” வரைக்கும் வர இந்தச் சொல்லுக்கு ஆயிரம் வருடம் பிடித்திருக்கிறது.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு வசனங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இது என் ஆச்சி புண்ணியத்தில் எனக்குக் கிடைத்தது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபத்தில் ஆச்சிக்குப் பிடித்தது 103-ஆம் சங்கீதம். கண்ணை மூடிக்கொண்டே “அவர் எப்பொழுதும் கடிந்துகொள்ளார், என்றைக்கும் கோபங்கொண்டிரார்” என்பாள். பல வருடம் கழித்து கிங் ஜேம்ஸில் அந்த வசனத்தைப் பார்த்தேன். ‘கடிந்துகொள்ளார்’ இருக்கிற இடத்தில் ‘ச்சைடு’ உட்கார்ந்திருந்தது. சரி, விஷயம் முடிந்தது, ச்சைடு என்றால் கடிந்துகொள் என்று நினைத்தேன்.

முடியவில்லை. பைபிளின் யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்தில் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் மோசேயிடம் சண்டைக்குப் போவார்கள். அங்கேயும் கிங் ஜேம்ஸில் அதே ‘ச்சைடு’தான். தமிழில் ‘மோசேயோடே வாதாடி’ என்று இருக்கிறது. தாகத்தில் கல்லெறியத் தயாராக நிற்கிற கூட்டம் யாரையும் மென்மையாகக் கடிந்துகொள்ளாது, தமிழ் சரியாகத்தான் இருக்கிறது. மூல எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினை. ஆங்கிலத்திலும் ஒரே வினை. தமிழ் மட்டும் இடம் பார்த்து இரண்டாகப் பிரித்துக்கொண்டது.

இதிலிருந்து கைக்குதவும் ஒரு விதி கிடைக்கிறது. கிங் ஜேம்ஸ் காலத்து ஆங்கிலத்தில் ச்சைடுக்குப் பின்னால் ‘வித்’ வந்தால் அது சண்டை. தமிழிலும் ‘ஓடு’ போட்டு வாதாடினார்கள், வாக்குவாதம் செய்தார்கள் என்று எழுதுங்கள். ‘வித்’ இல்லாமல் நேரே ஆளைச் செயப்படுபொருளாகப் பிடித்தால் ‘ஐ’ போட்டுக் கடிந்துகொள்ளலாம். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டாவதுதான் வரும். ஆளைச் சொல்லி, பிறகு ‘ஃபார்’ போட்டுக் குற்றத்தைச் சொல்வார்கள். அந்த ‘ஃபார்’ தமிழில் ‘தாமதித்ததற்காக’ என்று வரத்தான் வேண்டும் என்பதில்லை. ‘ஏன் இவ்வளவு தாமதம் என்று கடிந்துகொண்டார்’ என்று ‘என்று’ போட்டு எழுதிப் பாருங்கள். வாக்கியம் மூச்சுவிடும்.

ஷேக்ஸ்பியர் காலத்து எழுத்தில் இன்னொரு வகையும் உண்டு. அங்கே குளிர்காற்றும் வேட்டை நாய்களும்கூட ச்சைடு செய்யும். அங்கெல்லாம் அது வெறும் இரைச்சல். இதில் தமிழர்கள் திகைக்க ஒன்றுமில்லை. ‘அப்பா சத்தம் போட்டார்’ என்றால் நமக்கு என்ன பொருள்?

இனி ‘கடிந்துகொள்’ என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கடிதல் என்றால் விலக்குதல், நீக்குதல். திருக்குறளின் 44-ஆம் அதிகாரம் ‘குற்றங்கடிதல்’. அங்கே விலக்கப்படுவது குற்றம். ஆளை யாரும் விரட்டவில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் ‘கொள்’ இன்னும் முக்கியம். கோபித்துக்கொள், சலித்துக்கொள், குறைபட்டுக்கொள், அலுத்துக்கொள் என்று எல்லாவற்றிலும் இந்தக் ‘கொள்’ வந்து சூட்டைத் தணித்துவிடுகிறது. ‘கோபித்தார்’ என்றால் பயமாக இருக்கிறது. ‘கோபித்துக்கொண்டார்’ என்றால் சாயந்தரம் சமாதானம் ஆகிவிடும் என்று தெரிகிறது. ஆங்கிலம் மென்மையை ஒரு தனி வினைக்குள் அடைத்து வைக்கிறது, நாம் அதைத் துணைவினையில் வைத்திருக்கிறோம். ச்சைடை மொழிபெயர்க்கத் தடுமாறும்போது முதலில் இந்தக் ‘கொள்’ குடும்பத்துக்குள் தேடுங்கள். பத்துக்கு ஏழு தடவை அங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கடிந்து, கடித்து. ஒரே எழுத்துதான். ‘அமைச்சர் அதிகாரிகளைக் கடித்துக்கொண்டார்’ என்று ஒரு பத்தி கிட்டத்தட்ட அச்சுக்கே போய்விட்டது. தட்டியது நான், பிடித்தது பிழை திருத்துபவர். அவர் என்னைக் கடிந்துகொள்ளக்கூட இல்லை, சிரித்துவிட்டார்.

அடுத்து, பக்கத்து வீட்டுச் சொற்களோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஏச்சுக்கு என்று ஒரு தெருவே இருக்கிறது. ஒவ்வொரு சொல்லின் பூர்விகமும் தெரிந்துவிட்டால் எந்த அளவுக்குச் சூடு என்று கை சுடாமலே தெரியும்.

‘அட்மானிஷ்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர் ‘மொனேரே’, நினைவூட்டு, எச்சரி. வகுப்பு ‘மானிட்டர்’, நினைவுச் சின்னமான ‘மான்யுமென்ட்’ எல்லாம் அதே வேரில் முளைத்தவை. அதனால் அட்மானிஷில் எப்போதும் ‘இனிமேல் பார்த்து நடந்துகொள்’ என்ற வருங்காலம் ஒளிந்திருக்கும். ச்சைடு நடந்து முடிந்ததைப் பற்றியது. நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, சிறு குற்றம் செய்தவரைத் தண்டனை தராமல் ‘அட்மானிஷன்’ செய்து விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அங்கே போய்க் ‘கடிந்துகொண்டு விடுவித்தது’ என்று எழுதினால் சட்டமே சிணுங்குவதுபோல் இருக்கும். ‘எச்சரித்து விடுவித்தது’ என்பதே சரி. நண்பருக்கு நண்பர் செய்யும் அட்மானிஷ் என்றால் நம்மிடம் தங்கமான சொல் இருக்கிறது: இடித்துரைத்தல். நட்பு என்பது சிரித்துப் பேச மட்டும் அல்ல, வரம்பு மீறும்போது முன்னே போய் இடித்துச் சொல்லவும்தான் என்று வள்ளுவர் சொல்லும் இடம் 784-ஆம் குறள்.

‘ரெப்ரிமாண்ட்’ அலுவலகச் சொல், பெரும்பாலும் தாளில் வரும். ‘சென்ஷர்’ அதற்கும் மேலே. தமிழ்நாடு அரசு ஊழியருக்குக் ‘கண்டனம்’ என்பது விதிகளில் பட்டியலிட்ட தண்டனைகளில் ஒன்று, பணிப்பதிவேட்டில் ஏறும். ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(அ), 17(ஆ) விதிகள் என்று சொன்னாலே எந்த குமாஸ்தாவுக்கும் வயிற்றைக் கலக்கும். ஆகவே கலெக்டர் தாசில்தாரை ஆய்வுக் கூட்டத்தில் லேசாகக் குறை சொன்னதை ‘கண்டனம்’ என்று எழுதிவிடாதீர்கள். தாசில்தார் வீட்டில் அன்று அடுப்பு எரியாது.

‘ரிபியூக்’ பிரெஞ்சு வழி வந்தது. அடித்துத் திருப்பு என்பது மூலப்பொருள், கட்டை வெட்டுகிற அடி அது. புயலை அடக்கும் காட்சியில் கிங் ஜேம்ஸில் இயேசு காற்றை ‘ரிபியூக்’ செய்வார். தமிழில் ‘காற்றை அதட்டி’ என்றிருக்கும். ச்சைடு செய்தால் காற்று நிற்காது.

‘ஸ்கோல்ட்’ கதை வேறு மாதிரி. பழைய நார்ஸ் மொழியில் கவிஞனைக் குறித்த ‘ஸ்கால்ட்’ என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிகளின் கணிப்பு. வசைபாடும் கவிஞர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள் போல. அப்புறம் அது வாயாடிப் பெண்ணைக் குறிக்கும் பெயராகி, இங்கிலாந்துச் சட்டத்தில் ‘காமன் ஸ்கோல்ட்’ என்று ஒரு குற்றமாகவே ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தில் ஓயாமல் சண்டை போடும் பெண்ணை நாற்காலியில் கட்டிக் குளத்தில் முக்கி எடுப்பார்கள். சட்டப்படி பெண்கள் மட்டுமே செய்யக்கூடிய குற்றம். ஆண்கள் கத்தினால் அது வீரம் போலும். 1967-இல்தான் இங்கிலாந்தில் அதைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். இந்தச் சொல்லுக்கு நம் ‘திட்டு’ பொருந்தும். நெல்லையிலும் இலங்கையிலும் ‘ஏசு’, மதுரைப் பக்கம் ‘வை’, இலங்கையில் ‘பேசு’ என்றாலே ஏச்சுதான். உங்கள் வாசகர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். செய்திக்கு ‘திட்டு’ போதும், கதைக்கு ஊர்ச்சொல் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, ஒரு வாக்கியம் முன்னால் வரும்போது நான் மூன்று விஷயம் பார்ப்பேன். யார் யாரைச் சொல்கிறார்கள்? குரல் எவ்வளவு? சொன்ன பிறகு இருவரும் பேசிக்கொள்வார்களா? மூன்றாவது கேள்விதான் உண்மையில் முடிவு செய்யும். பேசிக்கொள்வார்கள் என்றால் அது ச்சைடு. மேலிருந்து கீழே என்றால் கடிந்துகொண்டார். கணவன் மனைவி, அக்கா தங்கை என்றால் கோபித்துக்கொண்டாள், அல்லது ‘உரிமையோடு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து வெறும் ‘கேட்டாள்’. கீழிருந்து மேலே, தொண்டர் தலைவரிடம் சொல்வதென்றால் குறைபட்டுக்கொண்டார், ஆதங்கப்பட்டார். நாடு நாட்டைச் சொல்வதென்றால் ‘அதிருப்தி தெரிவித்தது’. இதை நான் வேண்டாவெறுப்பாகத்தான் போடுவேன், உயிரில்லாத சொல்.

தலைப்புக்கு என் செய்தி ஆசிரியரின் ‘குட்டு’தான் இன்றும் என் தேர்வு. மூன்றே எழுத்து, ஒற்றைப் பத்தித் தலைப்பில் அடங்கும். வலிக்கும், ஆனால் ரத்தம் வராது. மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்று நம் ஊரில் அதைக் கௌரவமாகவே வைத்திருக்கிறார்கள். பிள்ளையார் முன்னால் நாமே குட்டிக்கொள்கிறோம். வேற்றுமை உருபை மட்டும் கவனியுங்கள். ‘கலெக்டருக்குக் குட்டு’ என்றால் தலையில் விழுந்தது. ‘கலெக்டரின் குட்டு’ என்றால் ரகசியம் வெளியே வந்துவிட்டது, மறுநாள் வக்கீல் நோட்டீஸ் வரும். (அன்று செய்தி ஆசிரியர் தலைப்பில் க் போடாமல்தான் எழுதியிருந்தார். ‘நீதிபதி’யை நடுவில் வைத்ததால் சந்திப் பிரச்சினையே எழவில்லை. பழைய ஆட்களின் கை அப்படி.)

கதை, நாவல் என்றால் வேறு வேலை. ஆங்கிலக் கதையில் உரையாடலுக்குப் பின்னால் ‘என்று அவள் ச்சைடட்’ என்று சும்மா ஒரு வால் தொங்கும். அங்கே ஒவ்வொரு முறையும் ‘என்று கடிந்துகொண்டாள்’ போட்டால் எல்லாரும் பாதிரியார் மாதிரி பேசுவார்கள். வினையை விட்டுவிட்டு, கண்டிப்பைப் பேச்சுக்குள்ளேயே இறக்கிவிடுங்கள். தமிழில் செல்லக் கண்டிப்பு பெரும்பாலும் கேள்வியாகத்தான் வரும். ‘ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?’ ‘சொல்லியிருக்கலாமில்ல?’ பதில் எதிர்பார்க்காத கேள்வி. பதில் சொன்னால்தான் நிஜமாகவே திட்டு விழும்.

ஒரு மழைநாள் ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டே வந்தேன். வாசலிலேயே பிடித்து நிறுத்தி, முந்தானையால் என் தலையை அழுந்தத் துடைத்துக்கொண்டே ஆச்சி சொன்னாள்: “ஏட்டி, கொடை எதுக்கு வாங்குனது? மூலையில சாத்தி வச்சு அழகு பாக்கவா?” வாய் ஏசிக்கொண்டிருக்கிறது, கை காதுக்குப் பின்னால் இருக்கிற ஈரத்தைக்கூட விடாமல் ஒற்றுகிறது. இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ‘ச்சைடட்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார். தமிழுக்குக் கொண்டுவரும்போது அந்த முந்தானையையும் சேர்த்துக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். மூலத்தில் முந்தானை இல்லையென்றால் நீங்களாகச் சேர்க்க முடியாது, அது திருட்டு. ஆனால் ஒரு ‘ஏட்டி’யோ ‘ஏம்மா’வோ சேர்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக ஒன்று, தன்னைத்தானே ச்சைடு செய்துகொள்வது. ஆங்கிலக் கதாநாயகிகள் பக்கத்துக்குப் பக்கம் இதைச் செய்வார்கள். ‘தன்னைத்தானே கடிந்துகொண்டாள்’ என்று எழுதலாம், பிழையில்லை. யாரும் வீட்டில் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான். குடையை மறந்துவிட்டு பஸ்ஸில் ஏறிய ஒருத்தி என்ன செய்வாள்? ‘சே, குடையை விட்டுட்டு வந்துட்டமே’ என்று நொந்துகொள்வாள். அதையே எழுதுங்கள். அங்கேயும் அந்தக் ‘கொள்’ வந்து நிற்கிறது, பார்த்தீர்களா.